வெள்ளரி, முலாம்பழம், பூசணியில் பூஞ்சாண நோய்கள்: விதை நேர்த்தி முதல் கொடி அகற்றும் வரை

கொடியில் இலை வெளுத்ததும் உரக்கடைக்குப் போய் "சாம்பல் நோய்க்கு மருந்து கொடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். கடைக்காரரும் அன்று கையிருப்பில் உள்ளதை எடுத்துக் கொடுப்பார். பாதிப் பணம் அங்கேயே வீணாகிறது. சாம்பல் நோயும் அடிச்சாம்பல் நோயும் வேறுவேறு உயிரிகளால் வருபவை. ஒன்றைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் பெரும்பாலானவை மற்றதை ஒன்றும் செய்யாது. அடிச்சாம்பல் ஈரத்தில் பெருகும், சாம்பல் நோய் ஈரமில்லாமலேயே பெருகும். அதனால் இந்த வழிகாட்டி மருந்துப் பட்டியலில் தொடங்காமல், வயலில் நின்று இலையைத் திருப்பிப் பார்ப்பதில் தொடங்குகிறது.

படி 1: எந்த நோய் என்று முடிவு செய்யுங்கள்

காலை ஏழு மணிக்குள், பனி காய்வதற்கு முன் வயலுக்குப் போங்கள். கொடியின் அடிப்பக்கத்து முதிர்ந்த இலைகளைத் திருப்பிப் பாருங்கள்.

அடிச்சாம்பல் நோய்: வெள்ளரியில் இதை அடையாளம் காண்பது எளிது. இலையின் மேல்புறத்தில் மஞ்சள் திட்டுகள் தோன்றும். அவை வட்டமாக இருக்காது, நரம்புகளுக்கு இடையே அடைபட்டுக் கோணம் கோணமாக இருக்கும். அதே இடத்தின் அடிப்புறத்தில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூசணம் படர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் இந்தப் பூசணம் மங்கிவிடுவதால், பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பவர் "ஏதோ சத்துக் குறைபாடு" என்று நுண்ணூட்டக் கலவை வாங்கி அடித்துவிடுவார். முலாம்பழத்திலும் தர்பூசணியிலும் திட்டுகள் அவ்வளவு கோணமாக இருக்காது. தர்பூசணி இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, தீயில் வாட்டியதுபோல் கருகும். சந்தேகமிருந்தால் நான்கைந்து இலைகளைப் பறித்து, நனைத்துப் பிழிந்த துணியோடு ஒரு பாலித்தீன் பையில் கட்டி இரவு முழுவதும் வீட்டுக்குள் வையுங்கள். மறுநாள் காலையில் அடிப்புறத்தில் பூசணம் தெரிந்தால் அது அடிச்சாம்பல்தான்.

இதை உண்டாக்கும் சூடோபெரனோஸ்போரா கியூபென்சிஸ் உண்மையில் பூஞ்சாணமே அல்ல. பழுப்புப் பாசிகளுக்கு உறவான நீர்ப்பூசண வகை. கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி இதன்மேல் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் அதையே வாங்கி இதற்கு அடிப்பவர்கள் நிறையப் பேர். உயிருள்ள வெள்ளரிக் குடும்பச் செடியில் மட்டுமே இது வாழும். காய்ந்த சருகில் தங்காது. நம் ஊரில் ஆண்டு முழுவதும் எங்காவது ஒரு பீர்க்கையோ பாகலோ நின்றுகொண்டே இருப்பதால் வித்துகள் காற்றில் வந்து சேர்ந்துவிடுகின்றன.

சாம்பல் நோய்: மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி இலையின் இரண்டு புறமும், காம்பிலும், தண்டிலும் இருக்கும். 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் இதற்கு உகந்தது. இலை நனைய வேண்டியதே இல்லை. மழை ஓய்ந்து, பகல் வறண்டு, இரவு இதமாக இருக்கும் தை, மாசி மாதங்கள் இதன் காலம். நெருக்கமான நடவும், இலைகளுக்குள் விழும் நிழலும் இதற்கு மிகவும் பிடிக்கும். காயை நேரடியாகத் தாக்குவது குறைவு. ஆனால் இலை போனால் காய் வெயிலில் வெந்து போகும், முலாம்பழத்தில் இனிப்பு ஏறாது.

பூசணியில் ஓர் எச்சரிக்கை. பல இரகங்களின் இலையில் நரம்புகள் கிளைக்கும் இடங்களில் வெள்ளி நிறத் திட்டுகள் இயல்பாகவே உண்டு. அது நோயல்ல. விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நோயின் பொடி கையில் ஒட்டும், இயல்பான திட்டு அசையாது. இந்த ஒரு தேய்ப்பு இரண்டு டேங்க் மருந்தை மிச்சப்படுத்தும்.

ஆந்த்ராக்னோஸ்: மழைத் துளி தெறித்துப் பரவும் நோய். இலையில் பழுப்புப் புள்ளி தோன்றிப் பின் நடுப்பகுதி காய்ந்து ஓட்டையாகும். தர்பூசணி, வெள்ளரி, முலாம்பழம் ஆகியவற்றின் காயில் குழிந்த கரும்புள்ளிகள் வரும். ஈரமான நாளில் குழியின் நடுவே இளஞ்சிவப்பில் பசைபோல வித்துகள் திரளும். பூசணியை இது அதிகம் தொடுவதில்லை.

பிசின் தண்டு கருகல்: தண்டின் அடியிலோ கணுவிலோ வெடிப்பு விட்டு, தேன் நிறத்தில் பிசின் வடியும். அதைச் சுற்றிய காய்ந்த பகுதியில் கடுகைவிடச் சிறிய கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் உறுதி. பிசின் மட்டும் இருந்தால் போதாது. பூச்சி துளைத்தாலும் பிசின் வரும்.

ஃபுசேரியம் வாடல்: நண்பகலில் ஒரு கொடி மட்டும் தலை சாய்ந்து, மாலையில் நிமிரும். சில நாள் கழித்து நிமிராது. அடித்தண்டைச் சாய்வாக வெட்டினால் உள்ளே நீர்க்குழாய்ப் பகுதி பழுப்பாக இருக்கும். அதே செடியைப் பிடுங்கி வேரையும் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழுவும் சேர்ந்திருக்கிறது. அது போட்ட காயத்தின் வழியே வாடல் பூஞ்சாணம் எளிதாக நுழையும். அப்படியானால் பூஞ்சாணத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை.

இளம் பூசணிப் பிஞ்சு பூ முனையிலிருந்து அழுகி, அதன்மேல் குண்டூசி குத்தி வைத்ததுபோல் கருந்தலைப் பூசணம் நின்றால் அது கோயனெஃபோரா அழுகல். அடைமழையில் வருவது. பிஞ்சைப் பறித்துப் புதைத்து, நெருக்கத்தைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுப்பதே முக்கியம். மருந்தால் பெரிய பலன் இல்லை.

படி 2: விதைக்கு முன் நிலத்தில் செய்ய வேண்டியவை

சென்ற முறை வெள்ளரிக் குடும்பப் பயிர் நின்ற நிலத்தில் உடனே இன்னொன்றைப் போடாதீர்கள். பிசின் தண்டு கருகலுக்கும் ஆந்த்ராக்னோஸுக்கும் இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளி போதும். இடையில் மக்காச்சோளம், கம்பு, நெல் எதுவாயினும் சரி. வாடல் நோய் வந்த நிலத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்தப் பூஞ்சாணத்தின் தடித்த வித்துகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். ஒரு சலுகை உண்டு: தர்பூசணி, முலாம்பழம், வெள்ளரி மூன்றையும் தாக்கும் வாடல் வகைகள் தனித்தனி. தர்பூசணி வாடிய நிலத்தில் பூசணி பெரும்பாலும் தப்பிவிடும்.

வாடல் வந்த நிலத்தில்தான் மறுபடியும் தர்பூசணி போட்டாக வேண்டும் என்றால் ஒட்டு நாற்றே நம்பகமான வழி. சுரை அல்லது பூசணிக் கலப்பின வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய நாற்றுகள். ஜப்பானில் 1920-களிலேயே தர்பூசணிக்கு இந்த முறை வந்துவிட்டது. நாற்று விலை கூடுதல்தான். ஆனால் வாடல் வந்த கொடியை மருந்து ஊற்றிப் பிழைக்க வைக்க முடியாது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒட்டு நாற்றை நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைந்தால் மேல்செடி தன் வேரை விட்டு, மண்ணிலுள்ள நோயை நேரே வாங்கிக்கொள்ளும்.

சித்திரை, வைகாசியில் நிலம் சும்மா கிடந்தால் வெயிலையே மருந்தாக்கலாம். நன்றாக உழுது, தண்ணீர் பாய்ச்சி, ஈரத்தோடு 25 மைக்ரான் ஒளிபுகும் பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். கருப்புத் தாள் இதற்கு உதவாது. அது சூட்டைத் தானே வாங்கிக்கொள்ளும், மண்ணுக்குள் விடாது.

கடைசி உழவில் ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தோடும் 40 கிலோ வேப்பம் புண்ணாக்கோடும் கலந்து இடுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் கிடைத்தால் அதையும் இதே அளவில் சேர்க்கலாம். தொழு உரத்தோடு கலந்து, லேசாக நீர் தெளித்து, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துப் பின் போட்டால் பெருகியிருக்கும். பச்சைச் சாணத்தில் கலக்க வேண்டாம், சூட்டில் செத்துவிடும்.

பாத்தி மேடாக இருக்கட்டும். 120 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம், நடுவில் சொட்டுநீர்க் குழாய், மேலே 25 அல்லது 30 மைக்ரான் வெள்ளி-கருப்பு நிலப்போர்வை. நிலப்போர்வையைக் களைக்காக மட்டும் என்று நினைக்கிறோம். மண்ணிலிருந்து மழைத்துளி தெறித்து இலையில் நோய் ஏறுவதை அது தடுக்கிறது. காய் ஈர மண்ணைத் தொடாமல் கிடப்பதால் அடிக்காய் அழுகலும் குறைகிறது.

படி 3: விதையும் நாற்றும்

ஆந்த்ராக்னோஸும் பிசின் தண்டு கருகலும் விதை வழியே வருபவை. நோய் கண்ட காயிலிருந்து எடுத்த சொந்த விதையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

விதை நேர்த்திக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம். இன்னொன்று, கார்பென்டாசிம் 2 கிராம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். கார்பென்டாசிம் டிரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். இரண்டையும் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நினைத்துச் செய்வது காசைக் கரைப்பதுதான். கடையில் வாங்கும் கலப்பின விதை சிவப்பு, நீல நிறத்தில் இருந்தால் ஏற்கெனவே மருந்து பூசியது. அதற்கு விதை நேர்த்தி வேண்டாம், உயிர் மருந்தை மண்ணில் மட்டும் இடுங்கள்.

குழித்தட்டு நாற்றில் அடி கருத்துச் சாயும் நாற்றழுகல் வந்தால் முதல் காரணம் தண்ணீர். காலையில் ஒரு முறை மட்டும் ஊற்றுங்கள். தென்னை நார்க்கழிவின் மேல்பகுதி மாலைக்குள் காய வேண்டும். பரவிக்கொண்டிருந்தால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். இலைமேல் அடிக்க வேண்டாம். வெள்ளரிக் குடும்பத்தின் இளம் இலை தாமிரத்தில் எளிதில் கருகும்.

படி 4: இலை நனைந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள்

மருந்தைவிட அதிகம் பலன் தரும் படி இதுதான். செலவும் குறைவு.

அடிச்சாம்பல் நோய் வித்து முளைத்து இலைக்குள் போக இலைமேல் நீர்ப்படலம் வேண்டும். 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் சில மணி நேர ஈரமே அதற்குப் போதும். கார்த்திகை, மார்கழிப் பனி இரவில் அந்த ஈரம் தானாகக் கிடைக்கிறது. அதைத் தடுக்க முடியாது. அதன்மேல் நாமும் ஈரத்தைக் கூட்டாமல் இருப்பதுதான் நம் கையில் உள்ளது. மாலையில் தெளிப்பு நீர் விட்டால் ஆறு மணிக்கே இலை நனைந்து, மறுநாள் எட்டு, ஒன்பது மணி வரை காயாது. அதே தண்ணீரைக் காலையில் சொட்டுநீரில் விட்டால் இலை நனைவதே இல்லை. தெளிப்பு நீர்தான் வழி என்றால் பனி இன்னும் இருக்கும் அதிகாலையில் விடுங்கள். எப்படியும் நனைந்திருக்கும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

வெள்ளரியைத் தரையில் விடாமல் ஆறடி உயர வலையில் ஏற்றுங்கள். வரிசைகள் காற்று வீசும் திசையிலேயே ஓடட்டும். தரையிலிருந்து ஓர் அடி வரை உள்ள முதிர்ந்த இலைகளைக் காய்ப்பு தொடங்கியதும் அகற்றுங்கள். வெயில் நேரத்தில், செடி காய்ந்திருக்கும்போது மட்டும். ஈரமான கொடிக்குள் கையும் கத்தியும் போனால் பிசின் தண்டு கருகலை நாமே செடிக்குச் செடி கொண்டுபோவோம். காய் பறிப்பதற்கும் இதே விதி. பூசணியையும் முலாம்பழத்தையும் வலையில் ஏற்றுவது சிரமம். அங்கே இடைவெளிதான் காற்றோட்டம். குழி முறையில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டருக்குக் குறையாமல் விட்டு, குழிக்கு இரண்டு செடி மட்டும் வைத்து மற்றதைக் களையுங்கள்.

யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகி, கொடி கூடாரமாகி, உள்ளே ஈரம் நிற்கும். தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுங்கள்.

படி 5: வாரம் இரண்டு முறை பார்வை

நான்கு மூலையிலும் நடுவிலும் பத்துப் பத்துச் செடி, செடிக்கு மூன்று இலை. மரநிழல் விழும் ஓரம், வாய்க்கால் ஓரம், பக்கத்து வயலில் பீர்க்கையோ பாகலோ நிற்கும் ஓரம் ஆகியவற்றை விடாதீர்கள். அடிச்சாம்பல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். ஓர் இலையில் ஒரு திட்டு பார்த்த நாளிலிருந்து வயல் முழுவதும் கருக, ஈரமான காலத்தில் இரண்டு வாரம்கூட ஆகாது.

படி 6: மருந்து

முதலில் டேங்க் கணக்கு. பல சிபாரிசுகள் பத்து லிட்டர் டேங்குக்குச் சொன்னவை. இன்று பெரும்பாலானோர் கையில் இருப்பது 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான். பழைய அளவையே அதில் போட்டால் மருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். எப்போதும் லிட்டர் கணக்கில் பெருக்குங்கள். மாங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் என்றால் 16 லிட்டருக்கு 32 கிராம். கொடி முழுவதும் மூடிய வயலுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை வேண்டும். ஆறு டேங்கில் ஏக்கரை முடித்தேன் என்றால் அடிப்புறம் நனையவே இல்லை என்று அர்த்தம். குழிக்கூம்பு நாசில் போட்டு, குழாயைக் கீழிருந்து மேலாகத் தூக்கி அடியுங்கள். நோய் இருப்பது இலையின் அடியில்.

அடிச்சாம்பலுக்கு: மழைக்காலப் பயிரில் கொடி ஓடத் தொடங்கியதும், நோய் தெரிவதற்கு முன்பே, மாங்கோசெப் 75% நனையும் தூள் லிட்டருக்கு 2 கிராம் அல்லது குளோரோதலோனில் 2 கிராம் பத்து நாளுக்கு ஒரு முறை. இவை இலைமேல் உறைபோல நின்று காப்பவை. உள்ளே போன நோயைக் குணப்படுத்தாது, பிறகு விரியும் புது இலையையும் காக்காது. மழை தொடர்ந்தாலோ முதல் திட்டு தெரிந்தாலோ சைமாக்சனில் 8 + மாங்கோசெப் 64 கலவை லிட்டருக்கு 3 கிராம். ஏழு நாள் கழித்து அதையே திரும்ப அடிக்காமல் டைமெத்தோமார்ப் 50 நனையும் தூள் 1 கிராமுடன் மாங்கோசெப் 2 கிராம். அடுத்து மறுபடி மாங்கோசெப் மட்டும்.

மெட்டலாக்சில் 8 + மாங்கோசெப் 64 கலவையை லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் பருவத்துக்கு ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்த மருந்துக்கு எதிராக வெள்ளரி அடிச்சாம்பல் எதிர்ப்புத் திறன் பெற்றது 1980-ஐ ஒட்டியே இஸ்ரேலின் பசுமைக்குடில்களில் தெரிந்துவிட்டது. அசாக்ஸிஸ்ட்ரோபின் 23% எஸ்.சி. (திரவ மருந்து) லிட்டருக்கு 1 மி.லி. இரண்டு சாம்பலுக்கும் வேலை செய்யும் என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். அதுவே அதன் ஆபத்தும். பருவத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், அடுத்தடுத்து வேண்டவே வேண்டாம். டப்பாவின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாக இருக்கலாம். மாற்றி அடிப்பது என்றால் டப்பாவை அல்ல, மருந்துப் பிரிவை மாற்றுவது. லேபிளில் உள்ள வேதிப்பெயரைப் படியுங்கள். உங்கள் பயிரின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாம்பல் நோய்க்கு: பழைய கையேடுகளில் டினோகேப் என்று இருக்கும். இந்தியாவில் அது 2023-இல் தடை செய்யப்பட்டுவிட்டது. கார்பென்டாசிம் 0.5 கிராம் என்றும் இருக்கும். ஆனால் அந்தப் பிரிவு மருந்துக்கு இந்த நோய் பழகிவிட்டது அமெரிக்காவில் 1969-லேயே பதிவானது. அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஹெக்சகோனசோல் 5% மருந்து, ஒரு லிட்டருக்கு 1 மி.லி. வீதம், நல்ல பலன் தரும். ஆனால் இதுபோன்ற ட்ரையசோல் வகை மருந்துகள் அளவு கூடினால் வளர்ச்சியை அடக்கும். கணுவிடை சுருங்கி, இலை கரும்பச்சையாகித் தடித்து நிற்கும். இளம் கொடியில் அடிக்காதீர்கள். அடுத்த முறை அசாக்ஸிஸ்ட்ரோபினுக்கு மாறுங்கள்.

கந்தகம் மலிவு, எதிர்ப்புத் திறன் தொல்லையும் இல்லை. ஆனால் முலாம்பழத்துக்கு வேண்டாம், அதன் இலை கந்தகத்தைத் தாங்காது. வெள்ளரி, பூசணியில்கூட 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளில் நனையும் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். மாசிக்குப் பிறகு நம் சமவெளியில் அப்படி இல்லாத நாள் அரிது. தூவும் கந்தகத்தூளை இந்தக் குடும்பத்துக்கே தவிர்ப்பது நல்லது. வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் எந்த வடிவிலும் கூடாது.

வீட்டுத் தோட்டத்துக்கும் இயற்கை வழிக்காரர்களுக்கும்: ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு முறை அடித்தது சுக்கினி என்ற பூசணி வகையில் சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தியதாக 1999-இல் பிரேசில் ஆய்வொன்று வெளியானது. வெயில் பட வேண்டும், நோயின் தொடக்கத்திலேயே அடிக்க வேண்டும். இலை முழுக்க வெளுத்த பிறகு பயனில்லை. அடிச்சாம்பலுக்கு இதை நம்ப வேண்டாம்.

வாடலுக்கு இலைத்தெளிப்பு வீண். வாடிய செடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, சுற்றியுள்ள செடிகளின் வேரில் டிரைக்கோடெர்மா ஊற்றலாம். அது பரவலைக் குறைக்கப் பார்க்கும் முயற்சிதான், தீர்வல்ல. அந்த இடத்தில் பூஞ்சாணக்கொல்லி ஊற்றுவதாக இருந்தால் இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாளாவது விடுங்கள்.

எந்த நேரத்தில் அடிப்பது? பூசணிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் மூடிவிடும். தேனீ வராவிட்டால் பிஞ்சே இல்லை. காலையில் அடித்தால் அவற்றின்மேலேயே அடிக்கிறோம். இருட்டும் நேரத்தில் அடித்தால் இலை இரவெல்லாம் ஈரமாகக் கிடக்கும். பிற்பகல் மூன்றரை மணியிலிருந்து ஐந்து மணிக்குள் முடித்தால் பனி இறங்கும் முன் காய்ந்துவிடும். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் டேங்கைத் தோளில் ஏற்றாதீர்கள்.

வெள்ளரி ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் பயிர். அதனால் மருந்து அடித்த பின் பறிக்கக் காத்திருக்க வேண்டிய காலம்தான் மருந்தைத் தீர்மானிக்க வேண்டும். ஐந்து நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்து என்றால் அந்த இரண்டு பறிப்பின் காயை விற்க முடியாது. பறித்துக் குழியில் போடத்தான் வேண்டும், கொடியில் விட்டால் அடுத்த காய் பிடிக்காது. ஊறுகாய் வெள்ளரியை ஒப்பந்தத்தில் வளர்ப்பவர்கள் நிறுவனம் கொடுத்த பட்டியலுக்கு வெளியே ஒரு மருந்தும் வாங்கக் கூடாது. எச்சம் கண்டால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும்.

படி 7: அறுவடையும் அதன் பிறகும்

பூசணியைக் காம்போடு, நான்கு விரற்கடை நீளம் விட்டுக் கத்தியால் வெட்டுங்கள். முறுக்கிப் பிய்த்தால் காம்பு விழுந்த குழியிலிருந்துதான் அழுகல் தொடங்கும். காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. தோல் கீறிய காயைத் தனியாக ஒதுக்கி முதலில் விற்றுவிடுங்கள். மற்றதைக் காற்றோட்டமான நிழலில் வைக்கோல்மேல் ஒன்றையொன்று தொடாமல் பத்து நாள் வைத்துத் தோலை இறுகவிட்டுப் பின் அடுக்குங்கள்.

கடைசிப் பறிப்பு முடிந்ததும் கொடியை அப்படியே காயவிட்டு ஆடு மேயவிடுவது வழக்கம். அந்த ஒரு மாதத்தில்தான் பக்கத்து இளம் வயலுக்கு அடிச்சாம்பல் போகிறது. பிசின் தண்டு கருகல் பூஞ்சாணமோ சருகில் அடுத்த பட்டம் வரை தங்கிவிடுகிறது. பறிப்பு முடிந்த வாரமே கொடியை வேரோடு எடுத்து எரியுங்கள், அல்லது ஆழ உழுது மண்ணுக்குள் புதையுங்கள். எருக்குழியில் போடுவதானால் குவியல் நடுவே கை வைக்க முடியாத சூடு ஏற வேண்டும். ஏறாத குழியிலிருந்து எடுத்த உரத்தை வெள்ளரிக் குடும்பத்துக்குத் திருப்பிப் போடாதீர்கள், வாழைக்கோ தென்னைக்கோ போடுங்கள். வலையும் குச்சியும் அடுத்த பட்டத்துக்கு வேண்டும் என்றால் ஒட்டியிருக்கும் கொடித் துணுக்குகளை உதறி எடுத்து, சித்திரை வெயிலில் விரித்துக் காயவைத்த பிறகு சுருட்டி வையுங்கள்.